வீட்டில் இளைப்பு, வயிற்றில் பிள்ளை: கர்ப்பகால உணவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு இருந்தால், ஒரு பெண் உண்டான செய்தி வந்ததுமே இரண்டு கேள்விகள் எழும். பிறக்கப்போகும் குழந்தைக்கும் வீசிங் வருமா? வராமல் இருக்க இப்போதே எதைச் சாப்பிடுவது, எதை விடுவது? இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். "இளநீர் குடிக்காதேம்மா, பிள்ளைக்குச் சளி கட்டும்." "வேர்க்கடலையைத் தொடாதே, கரப்பான் வரும்." "தயிர் வேண்டாம், மீன் வேண்டாம்." இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, ஏழாம் மாதத்தில் தட்டில் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டி அவர்களுக்காகத்தான். கர்ப்பம் உறுதியான நாளில் தொடங்கி, குழந்தை முதன்முதலாக வேர்க்கடலைக் கூழை நக்கிப் பார்க்கும் நாள் வரை, படிப்படியாகச் சேர்ந்தே போவோம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கிளம்பும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உணவை மாற்றினால் ஆஸ்துமாவே வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அபாயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெபுலைசர் தேடி ஓடியவர்களுக்கு அந்தக் கொஞ்சத்தின் அருமை தெரியும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

நுரையீரலின் காற்றுக்குழாய் மரம்போலக் கிளைவிட்டுப் பிரிகிறது. அந்தக் கிளைகள் பிரியும் வேலை ஏறத்தாழ 16ஆவது வாரத்திலேயே முடிந்துவிடும். வளைகாப்புக்கு நாள் பார்ப்பதற்கு வெகு முன்னாலேயே மூச்சுக்குழாய்களின் வரைபடம் தயார். காற்றறைகள் மட்டும் பிறந்த பின்பும் பெருகிக்கொண்டிருக்கும்.

நோய் எதிர்ப்பு மண்டலமும் இதே காலத்தில் பாடம் படிக்கத் தொடங்குகிறது. அம்மாவின் எதிர்ப்புப் பொருட்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. அம்மா சாப்பிட்ட உணவின் புரதத் துணுக்குகளும் மிகச் சிறிய அளவில் பனிக்குட நீர் வரை போய்ச் சேர்வதைக் கண்டிருக்கிறார்கள். அந்த நீரைத்தான் குழந்தை விழுங்குகிறது. ஒவ்வாமை என்பது, தீங்கில்லாத ஒன்றை எதிரி என்று உடம்பு தப்பாக எண்ணிக்கொள்வது. எதிரி யார், விருந்தாளி யார் என்ற பழக்கம் வயிற்றிலேயே ஆரம்பமாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: குடும்பக் கணக்கு

நோட்டை எடுங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் பெயர், இன்னொரு பக்கத்தில் கணவர் பெயர். இளைப்பு, சிறுவயதில் வந்த கரப்பான், ஆண்டு முழுக்கத் தும்மல், குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டால் தடிப்பு. இந்த நான்கில் எது யாருக்கு இருந்தது? பிறகு இருவரின் உடன்பிறந்தவர்கள், பெற்றோர். முதல் குழந்தை இருந்தால் அதுவும் சேரும். மாமியாரிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். "சின்ன வயசுல இவனுக்கு மார்ச்சளி இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்பது போன்ற தகவல் அவர்களிடம்தான் இருக்கும்.

பெற்றோரில் ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலே குழந்தைக்கு வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத வீட்டிலும் வீசிங் வரும், இரண்டு பக்கமும் இருந்து வராமலும் போகும். இந்தப் பக்கத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மருத்துவரிடம் காட்டத்தான் எழுதுகிறோம்.

உங்களுக்கே ஏதேனும் உணவு ஒத்துக்கொள்ளாது என்றால், உதாரணமாக இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கும் என்றால், அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இனி நான் சொல்லும் உணவுகளில் சிவப்பு மையில் எழுதியது மட்டும் உங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாம் படி: பதிவு, பரிசோதனை, இன்ஹேலர்

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 12 வாரத்துக்குள் பதிவு செய்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டாலும் இந்த எண் தேவை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவரே பார்க்கும் இலவசப் பரிசோதனை உண்டு. நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்கே ஆஸ்துமா இருந்தால் இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்யும் காரியம் இன்ஹேலரை அலமாரியில் வைத்துப் பூட்டுவது. குழந்தைக்கு ஆகாது என்ற பயம். உண்மையில் அம்மாவுக்கு மூச்சு முட்டும்போது குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனும் குறைகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா, குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவிடக்கூடும். மருத்துவர் மாற்றச் சொல்லாதவரை பஃப் எடுப்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நான் சொல்லப்போகும் எந்த மீனும் எந்தக் கீரையும் அந்த இன்ஹேலருக்கு ஈடாகாது.

மூன்றாம் படி: கரப்பான் பண்டப் பட்டியலைக் கிழிப்போம்

வேர்க்கடலை, கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை, கம்பு, சோளம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் "கரப்பான் பண்டம்" என்ற பட்டியல் நம் பாட்டிமார்களிடம் மனப்பாடம். ஏற்கெனவே தோலில் புண்ணும் அரிப்பும் உள்ளவரைக் காக்க எழுந்த பட்டியல் அது. அதை வயிற்றுப் பிள்ளைக்காக அம்மாவின் தட்டுக்கு நீட்டியதில்தான் தப்பு நேர்ந்தது.

இந்தத் தப்பைச் செய்தது நம் பாட்டிமார்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1998இல் பிரிட்டன் அரசே, குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணிகள் வேர்க்கடலையைத் தவிர்த்துக்கொள்ளலாம் என்று அறிவுரை சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2000இல் அதே திசையில் பேசியது. பல ஆண்டுகள் பெண்கள் கடலையைத் தொடாமல் இருந்து பார்த்தார்கள். பயன் கிடைத்ததற்குச் சான்றே வரவில்லை. 2008இல் அமெரிக்காவும் 2009இல் பிரிட்டனும் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றன.

நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வும் இதையேதான் சொன்னது. ஒவ்வாமை உண்டாக்கும் உணவுகளை அம்மா விலக்கியதால் குழந்தைக்குப் பயன் இருந்ததாகத் தெரியவில்லை. உணவைக் குறைத்ததால் அம்மாவுக்கு ஏற வேண்டிய எடைதான் ஏறவில்லை. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்குக் கடலை ஒவ்வாமை இல்லாத தாய்மார்களில், கர்ப்பத்தை ஒட்டிய காலத்தில் வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடலை, கொட்டை வகைகளைச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. சாப்பிட்டதுதான் காரணம் என்று இது உறுதி செய்யவில்லை. சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கெடுதல் கூடவில்லை என்பதாவது தெளிவு.

ஆகவே உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் எந்த உணவையும் குழந்தையின் ஒவ்வாமைக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். இளநீரும் தயிரும் வாழைப்பழமும் வயிற்றுப் பிள்ளைக்குச் சளி கட்டாது. அம்மாவின் இரைப்பையில் விழுந்த குளிர்ச்சி குழந்தையின் நுரையீரலுக்குப் போக வழியே இல்லை.

நான்காம் படி: தட்டில் என்ன, எவ்வளவு?

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பார்கள். அளவில் அது மிகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்குப்படி கர்ப்ப காலத்தில் நாளுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரி. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். வழக்கமான சாப்பாட்டோடு இதைச் சேர்த்துக்கொண்டு, இனி வகைகளைக் கவனிப்போம்.

மீனில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஆஸ்துமாவைப் பொறுத்தவரை தாயின் உணவுகளில் ஓரளவு நல்ல சான்று இருப்பது மீன் கொழுப்புக்குத்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 736 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 24ஆவது வாரத்திலிருந்து நாளுக்கு 2.4 கிராம் ஒமேகா-3 கொழுப்பும், மறுபாதிக்கு ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் தொடர் வீசிங் அல்லது ஆஸ்துமா வந்தது, ஆலிவ் எண்ணெய்ப் பக்கம் நூற்றுக்கு 23.7 குழந்தைகளுக்கு, மீன் எண்ணெய்ப் பக்கம் 16.9 பேருக்கு. பெரிய பலன் கிடைத்தது, ரத்தத்தில் அந்தக் கொழுப்பு ஏற்கெனவே குறைவாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு. மீனே தொடாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கொழுப்பு நிறைய உள்ள மீன்கள் நம் சந்தையில் மலிவானவை. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, மொத்தமாகச் சுத்தம் செய்த மீன் 225 முதல் 340 கிராம் வரை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்கிறது. குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முறுகப் பொரிக்க வேண்டாம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியில் கால்சியமும் கிடைக்கும்.

பெரிய மீனிடம் மட்டும் எச்சரிக்கை. பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் மீன்களில் பாதரசம் சேரும். அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. சுறாவைக் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் விட்டுவிடுங்கள், பெரிய சூரையையும் வஞ்சிரத்தையும் எப்போதாவது என்ற அளவில் நிறுத்துங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு செய்து தரும் அன்பு நம் கடலோர வீடுகளில் உண்டு. அந்தப் புட்டைச் சின்ன மீனில் செய்து தரலாம்.

சைவ வீடுகளில் என்ன செய்வது? ஆளி விதையிலும் வால்நட்டிலும் ஒமேகா-3 இருக்கிறது. ஆனால் மீனில் உள்ள வடிவமாக அதை நம் உடம்பு மிகக் கொஞ்சமே மாற்றிக்கொள்கிறது. கடல்பாசியிலிருந்து எடுத்த மாத்திரைகள் கடையில் கிடைக்கின்றன. மருத்துவரைக் கேட்டு எடுக்கலாம்.

வேர்க்கடலை நாளுக்கு ஒரு கைப்பிடி, 30 கிராம். வேகவைத்தோ வறுத்தோ. கறுத்த கடலை, கசக்கும் கடலை, பூசணம் பிடித்த கடலை எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள், பூசண நச்சு ஈரலைப் பாதிக்கும். முட்டை நாளுக்கு ஒன்று, மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்து. பருப்போ சுண்டலோ இரண்டு வேளை. பால் இரண்டு டம்ளர், கூடவே தயிரோ மோரோ.

கீரை தினமும் ஒரு கிண்ணம், காய் இரண்டு வேளை, பழம் இரண்டு. கொய்யா, நெல்லி, பப்பாளிப் பழம் என்று அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பது. பச்சைப் பப்பாளிக் காயை மட்டும் தவிர்த்துக்கொள்ளலாம். ஸ்பெயினின் மெனோர்கா தீவில், காய், பழம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த உணவைக் கர்ப்பத்தில் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளை ஆறரை வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களிடம் தொடர் வீசிங் குறைவாக இருந்தது. கேழ்வரகு, கம்பு, பயறு, கீரைகளில் உள்ள நார்ச்சத்தைக் குடலின் நல்ல கிருமிகள் சாப்பிட்டு உண்டாக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிப்பதாக எலிகளிடம் செய்த சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் அது இன்னும் உறுதியாகவில்லை. மலச்சிக்கலுக்காகவாவது நார்ச்சத்து வேண்டுமே.

இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஏறத்தாழ 9,000 தாய், பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது, கர்ப்பத்தில் மிக அதிகமாகச் சர்க்கரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளிடம் ஒவ்வாமை ஆஸ்துமா ஏறத்தாழ இருமடங்கு தெரிந்தது. சர்க்கரைதான் குற்றவாளி என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில் பாட்டில் குளிர்பானத்தையும் பேக்கரிப் பண்டங்களையும் குறைக்க இன்னொரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வோம்.

ஐந்தாம் படி: மாத்திரைகளை எந்த வரிசையில் எடுப்பது?

முதல் 12 வாரம் போலிக் அமிலம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தொடங்கினால் மிக நல்லது. போலிக் அமிலத்தால் ஆஸ்துமா வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். ஆய்வுகள் அதில் ஒத்துப்போகவில்லை. முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது தடுக்கிறது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆகவே நிறுத்தவே கூடாது.

13ஆவது வாரம் பிறந்ததும் இரும்புச்சத்து மாத்திரை, நாளுக்கு ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். கால்சியம் நாளுக்கு இரண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக விழுங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று, இரவு படுக்கும் முன் இரும்பு என்று பிரித்துக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

வைட்டமின் டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு நாளுக்கு 4,400 அலகும் மறுபாதிக்கு 400 அலகும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் ஆஸ்துமாவோ தொடர் வீசிங்கோ வந்த குழந்தைகள் 4,400 அலகுப் பக்கம் நூற்றுக்கு 24, 400 அலகுப் பக்கம் 30. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறு வயதில் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. என் யோசனை, ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 அலகுப் பொட்டலத்தை நீங்களாக வாங்கிப் பாலில் கலக்கிக் குடிக்காதீர்கள்.

மீன் எண்ணெய் மாத்திரைக்கும் அதே பேச்சு. நம் கடைகளில் கிடைக்கும் ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை பலவற்றில் பயன்படும் ஒமேகா-3 வெறும் 300 மில்லிகிராம். டென்மார்க் அளவை எட்ட எட்டு மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும். மத்திக் குழம்பே மேல்.

ஆறாம் படி: புகை

உணவுக்கான வழிகாட்டியில் புகை எதற்கு என்று கேட்கலாம். தட்டை எவ்வளவு திருத்தினாலும், வீட்டில் புகை இருந்தால் அந்த உழைப்பு வீணாகிவிடும் என்பதால்தான். குழந்தையின் வீசிங்குக்குக் காரணமாகத் தெளிவாக உறுதிசெய்யப்பட்டவற்றில் சிகரெட் புகை முதல் வரிசையில் இருக்கிறது. நுரையீரல் வயிற்றிலேயே சிறுத்துப்போகிறது. கணவர் வாசலில் நின்று பிடித்தால் போதாது, சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். நிறுத்தச் சொல்ல இதைவிட நல்ல நேரம் அமையாது, சொல்லுங்கள்.

அடுத்தது விறகடுப்பு. கேஸ் வாங்க வசதியில்லாத நாட்களில் அடுப்பை வாசலுக்கோ கொல்லைக்கோ மாற்றுங்கள், ஊதுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் வலை.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒன்று. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தலை காயவும் சளி பிடிக்காமல் இருக்கவும் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். அந்த மணம் பிடிக்காதவர் யார்? எனக்கும் பிடிக்கும். ஆனால் கையகல நுரையீரலுக்கு அது புகைதான். ஒரு பருத்தித் துண்டால் தலையை ஒற்றி எடுத்தாலே காய்ந்துவிடும். குழந்தை பிறப்பதற்கு முன்பே மாமியாரிடமும் அம்மாவிடமும் பொறுமையாகப் பேசி வையுங்கள். பிரசவ அறையிலிருந்து திரும்பிய களைப்பில் பேச ஆரம்பித்தால் சண்டையில் முடியும்.

செலவு எவ்வளவு?

ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விலை மாறும். என் தோராயக் கணக்கு இது. வேர்க்கடலை மாதம் ஒரு கிலோ, சுமார் 150 ரூபாய். முட்டை முப்பது, 200 ரூபாயை ஒட்டி. மத்தியோ நெத்திலியோ வாரம் அரைக் கிலோ, மாதம் 400 ரூபாய். தினமும் அரை லிட்டர் பால், 600 ரூபாய். கீரையும் பழமும் நாளுக்கு 25 ரூபாய் என்றால் 750. மொத்தம் 2,100. ஏற்கெனவே வீட்டில் வாங்குவதைக் கழித்தால் இன்னும் குறையும்.

இதில் ஒரு பகுதியை அரசிடமிருந்து பெறலாம். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு இலவசம். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் உதவி உண்டு. அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பேரீச்சம்பழம், நெய், சத்து மாவு, இரும்பு டானிக் எல்லாம் அதில் இருக்கும். வயது, எத்தனையாவது பிரசவம் என்ற நிபந்தனைகளைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிக்மி எண் இல்லாமல் இது எதுவும் நகராது.

கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. வாந்தியால் சாப்பிடவே முடியாதவர்களுக்கு மருத்துவர் எழுதித் தந்தால் சரி. மற்றவர்கள் அந்த டப்பாவின் விலைக்கு ஒரு மாத வேர்க்கடலையும் முட்டையும் வாங்கிவிடலாம்.

இவற்றில் உஷார்

காய்ச்சாத பால் வேண்டாம். ஐரோப்பாவின் பண்ணைகளில் மாட்டோடு வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்ற செய்தியைப் படித்துவிட்டுக் கறந்த பாலை அப்படியே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தி உண்மைதான். ஆனால் காய்ச்சாத பாலில் கருச்சிதைவு வரை கொண்டுபோகும் கிருமிகள் இருக்கக்கூடும்.

"எந்தெந்த உணவு உங்களுக்கு ஆகாது" என்று நூறு பெயர் போட்டுத் தரும் ரத்தப் பரிசோதனைகளை நம்பி உணவை விலக்காதீர்கள். சாப்பிட்டால் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டறிந்த பிறகுதான் ஒவ்வாமை மருத்துவர் பரிசோதனைக்கே எழுதுவார்.

பிள்ளை பிறந்த பிறகு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கழுதைப்பால், தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. தேன் ஒரு வயது முடியும் வரைக்கும் ஆகாது. பத்தியம் என்ற பெயரில் அம்மாவின் தட்டை மறுபடி சுருக்க வேண்டாம். பூண்டுக் குழம்பு தாராளமாக இருக்கட்டும், அதோடு முட்டையும் கீரையும் கடலையும் இருக்கட்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் அடுத்த கட்டம், திட உணவு. வேர்க்கடலையை அதில் எப்போது சேர்ப்பது என்பதற்கு ஓர் ஆய்வு வழிகாட்டுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் கிடியன் லாக், அங்கே வளரும் யூதப் பிள்ளைகளையும் இஸ்ரேலில் வளரும் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார். வேர்க்கடலை ஒவ்வாமை லண்டனில் பத்து மடங்கு. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே பம்பா என்ற கடலைத் தின்பண்டத்தைச் சப்பிச் சாப்பிடுகிறார்கள், லண்டனில் கடலையை ஒளித்து வைத்தார்கள். அவர் குழு அடுத்து, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்தது. 2015இல் முடிவு. கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை, சிறுவயதிலேயே சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. தாயின் உணவு பற்றிய எந்த ஆய்விலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை.

நம் வீட்டில் இப்படிச் செய்வோம். முதல் வாரங்களில் சோறு, கேழ்வரகுக் கூழ், பருப்பு. குழந்தை அதற்குப் பழகியதும், சளியோ காய்ச்சலோ இல்லாத ஒரு காலை நேரத்தில், நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கால் ஸ்பூன். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சில நாட்கள் கழித்து, வறுத்துத் தோல் நீக்கி மாவாக அரைத்த வேர்க்கடலையைக் கூழில் கலந்து அதே முறையில். ஒத்துக்கொண்ட பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை விடாமல் தொடர வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் பயன் இல்லை. முழுக் கடலை ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

குழந்தைக்குக் கடும் கரப்பான் இருந்தால் கடலையையும் முட்டையையும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். எந்தக் குழந்தையானாலும், கொடுத்ததும் உதடோ முகமோ வீங்கினாலும், உடம்பெல்லாம் தடித்தாலும், தொடர்ந்து வாந்தி எடுத்தாலும், மூச்சு இழுத்தாலும், துவண்டு போனாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் கர்ப்பிணி ஒருத்தி தனியாகச் செய்ய முடியாது. மீன் வாங்கி வருவதும், அடுப்பை வெளியே மாற்றுவதும், சிகரெட்டை விடுவதும் மற்றவர்கள் கையில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கங்களைக் கணவரிடமும் மாமியாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே படித்துக் காட்டுங்கள்.